பதின்மூன்று ஆண்டுகள், ஒரு இறுவட்டு



முஹம்மத் அலியை நம் ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குத்துச்சண்டை பற்றி எதுவும் தெரியாத நம் மூத்தம்மாமாருக்குக் கூட அந்தப் பெயர் தெரியும். ஆனால் அவர் முதன்முதலாக உலக சம்பியனான இரவில் தன் பக்கத்தில் வந்து நிற்கும்படி கூப்பிட்ட பாடகரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1964 பெப்ரவரி 25. அமெரிக்காவின் மயாமி பீச் நகரம். 22 வயதான கெஸியஸ் கிளே, யாருமே தோற்கடிக்க முடியாது என்று பேசப்பட்ட சொனி லிஸ்டனை வென்றுவிட்டார். மேடை முழுக்கச் சனம். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற கிளே, கூட்டத்துக்குள் இருந்த ஒருவரை மேலே விடும்படி சத்தமிட்டார். வந்தவரை அணைத்துக்கொண்டு, உலகிலேயே மிகப் பெரிய ரொக் அன்ட் ரோல் பாடகர் இவர்தான் என்று நாட்டுக்குச் சொன்னார். அந்தப் பாடகர்தான் சாம் குக்.

அன்றிரவு கறுப்பின மக்கள் தங்கும் ஹெம்ப்டன் ஹவுஸ் என்ற விடுதியில் நான்கு பேர் ஒன்றாக இருந்தார்கள். கெஸியஸ் கிளே, மல்கம் எக்ஸ், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுன், சாம் குக். அந்த அறையில் நடந்த உரையாடல் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து ஒரு நாடகமும், பின்னர் 2020இல் ஒரு திரைப்படமும் வந்தன. சில நாட்களில் கிளே முஹம்மத் அலியானார். அந்த இரவுக்கு ஓராண்டு நிறைவதற்குள் நால்வரில் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாகியிருந்தனர். சாம் குக் 1964 டிசம்பர் 11இல். மல்கம் எக்ஸ் 1965 பெப்ரவரி 21இல்.

அலியைப் பற்றியும் மல்கமைப் பற்றியும் நம் சமூகத்தில் நிறையவே எழுதியும் பேசியும் இருக்கிறோம். இன்று அந்த அறையிலிருந்த பாடகரைப் பற்றிப் பேசுவோம். இசை பற்றிய மார்க்க அபிப்பிராயங்களை விவாதிப்பது இந்தப் பதிவின் நோக்கமல்ல. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். வரலாறு படிப்பிப்பவர்கள் என்ற வகையில், ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் ஒரு இறுவட்டுக்குள் அடக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் நமது நோக்கம்.

அந்த இறுவட்டு 2003இல் வெளிவந்தது. பெயர் ‘போட்ரெய்ட் ஒஃப் எ லெஜன்ட்: 1951–1964’. சாம் குக்கின் முப்பது பாடல்கள் அதில் உள்ளன. ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை அதே ஆண்டு வெளியிட்ட 500 சிறந்த இசைத்தட்டுகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

பள்ளிக்குரலும் வெளிக்குரலும்

சாம் குக் 1931 ஜனவரி 22இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளாக்ஸ்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவப் போதகர். பஞ்சுத் தோட்டங்களும் நிறவெறிச் சட்டங்களும் நிறைந்த தெற்கிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களுக்குப் புறப்பட்ட காலம் அது. குக் குடும்பமும் சிக்காகோவுக்குப் போனது. பிள்ளைகள் எல்லோரும் தேவாலயத்தில் பாடினார்கள்.

சாமுக்கு இருபது வயதாகும்போது ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற புகழ்பெற்ற பக்திப் பாடல் குழுவில் முன்னணிப் பாடகராகச் சேர்ந்தார். அவருக்கு முன்னர் அந்த இடத்தில் இருந்தவர் ஆர். எச். ஹரிஸ். பக்திப் பாடல் உலகம் பெரிய உஸ்தாதாக மதித்த மனிதர். அவர் விலகிய இடத்துக்கு ஒரு வாலிபன் வருவது சின்ன விடயமல்ல. 1951இல் அந்தக் குழுவோடு அவர் செய்த முதல் பதிவுகளிலேயே சனம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஹரிஸைப் போல உரத்துப் பாட முயலவில்லை. மெதுவாக, ஒரு சொல்லைப் பல சுரங்களில் வளைத்து நீட்டிப் பாடினார். அந்த வளைவுதான் கடைசிவரை அவரின் முத்திரையாக இருந்தது.

இறுவட்டின் முதல் பாடல் 1956இல் அந்தக் குழுவோடு பதிவு செய்யப்பட்டது. ஈஸா (அலை) அவர்களின் ஆடையின் ஓரத்தைத் தொட்டால் நோய் தீரும் என்று நம்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பைபிள் கதை அது. கதை சொல்லும் பாட்டு. சாம் குக் யார் என்பதை அறிய அந்த ஒரு பாடலே போதும்.

அதே 1956இல் அவர் பக்தியைச் சாராத ஒரு காதல் பாட்டையும் பதிவு செய்தார். ஆனால் தட்டில் தன் பெயரைப் போடவில்லை. ‘டேல் குக்’ என்று வேறொரு பெயர். குரலை மறைக்க முடியுமா? கேட்டவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். தேவாலயத்தில் பாடுபவர் வெளியில் போய்ப் பாடுவதை அந்தச் சமூகத்தில் பலர் பெரும் துரோகமாகப் பார்த்தார்கள். இறைவனுக்காகத் தரப்பட்ட குரல், இரவு விடுதிக்கு விற்கப்படுகிறது என்றார்கள். போதகரான தந்தையோ மகனைத் தடுத்து நிற்கவில்லை. இப்படியான வாக்குவாதம் எந்தச் சமூகத்துக்கும் புதியதல்ல. நமக்கும் புதியதல்ல.

இந்த வாக்குவாதத்துக்குள்ளிருந்துதான் ‘சோல்’ என்ற இசைவகை பிறந்தது. ஆன்மா என்பது அந்தச் சொல்லின் பொருள். தேவாலயத்தின் பாடும் முறையை எடுத்து, அதில் உலக வாழ்க்கையின் வார்த்தைகளைப் போட்டார்கள். ரே சார்ள்ஸ் ஒரு பக்கத்தால் வந்தார். சாம் குக் இன்னொரு பக்கத்தால் வந்தார்.

1957இல் ‘யூ சென்ட் மீ’ வெளியானது. அதை முதற்பக்கப் பாடலாகக் கூட நினைத்திருக்கவில்லை. தட்டின் மறுபக்கத்தில் வைத்திருந்தார்கள். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். கறுப்பினத்தவர் வாங்கும் இசைத்தட்டுகளுக்கான பட்டியலிலும், நாடு முழுவதற்குமான பொதுப் பட்டியலிலும் அது முதலிடம் பிடித்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பாடல் பட்டியல்கள் கூட நிறத்தின்படி பிரிந்தே இருந்தன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சிரிக்கும் பாட்டுகளும் சிரிக்க முடியாத பாதைகளும்

இறுவட்டின் நடுப்பகுதி முழுக்க இலேசான பாட்டுகள். ஆடுவது, விருந்து வைப்பது, சனிக்கிழமை இரவில் தனியே இருப்பது. நமக்கு மிகவும் பிடித்தது 1960இல் வெளியான ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’. பாடசாலைப் பாடங்கள் எதிலும் தான் கெட்டிக்காரனில்லை என்று ஒரு மாணவன் சொல்லும் பாட்டு. அவனுக்குத் தெரியாத பாடங்களின் பட்டியலில் முதலாவதாக வருவது வரலாறு! வரலாற்று ஆசிரியர்கள் உலகெங்கும் ஒரே கஷ்டத்தைத்தான் அனுபவிக்கிறார்கள் போலும்.

ஆனால் அதே ஆண்டில் வந்த ‘செயின் கேங்’ பாட்டைக் கேளுங்கள். துள்ளலான மெட்டு. பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. பொருளோ, காலில் விலங்கிட்டு வீதி வேலை செய்விக்கப்படும் கைதிகள். இசைப் பயணம் ஒன்றில் நெடுஞ்சாலையோரம் அப்படியான கைதிகளைக் கண்டதிலிருந்துதான் அந்தப் பாட்டுப் பிறந்தது. நாடு முழுக்க அதற்கு ஆடியது. ஆடியவர்களில் எத்தனை பேர் கைதிகளை நினைத்தார்கள் என்பது வேறு கேள்வி.

தெற்கு மாநிலங்களில் பயணம் செய்த கறுப்பினக் கலைஞர்கள் பாடிய மண்டபத்தின் முன்வாசலால் போக முடியாது. பல உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1961இல் மெம்பிஸ் நகரில் பார்வையாளர்களை நிறத்தின்படி பிரித்து உட்கார வைப்பார்கள் என்று அறிந்ததும், சாம் குக் பாட மறுத்தார். பணத்தையும் வாய்ப்பையும் விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு அது.

1963 ஒக்டோபர் 8. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரம். ஹொலிடே இன் ஹோட்டலில் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்திருந்தார். மனைவியோடும் சகோதரரோடும் போய் நின்றபோது அறை இல்லை என்றார்கள். அவர் விடவில்லை. முகாமையாளரைக் கேட்டார். உரத்துப் பேசினார். கடைசியில் வாகனத்தில் ஏறிப் புறப்பட்டபோது ஹோர்ன் சத்தமும் பலமாகக் கேட்டது. கறுப்பினத்தவர் தங்கும் வேறொரு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பொலிஸ் காத்திருந்தது. அமைதிக்குப் பங்கம் விளைவித்ததாகக் கைது செய்யப்பட்டார். நாடறிந்த பாடகர், சொந்தமாக இசைத்தட்டுக் கம்பனியும் பாடல் பதிப்பக நிறுவனமும் வைத்திருந்த முதலாளி, ஒரு இரவு தங்கக் கட்டில் கேட்டதற்காகப் பொலிஸ் நிலையம் போனார்.

அதே ஆண்டு ஜூனில் அவரின் ஒன்றரை வயது ஆண் குழந்தை வீட்டு நீச்சல் தடாகத்தில் மூழ்கி இறந்திருந்தது. அதே ஆண்டில்தான் பொப் டிலன் என்ற வெள்ளையின இளைஞரின் உரிமைப் பாட்டைக் கேட்டார். நம்மவர்களின் வலியை வேறொருவர் எழுதிப் பாடும்போது நாம் ஏன் எழுதவில்லை என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

வெட்டப்பட்ட அடிகள்

1964 ஜனவரி 30இல் ஹொலிவூட் ஸ்டூடியோவில் ‘அ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பதிவாகியது. மாற்றம் ஒன்று வரத்தான் போகிறது என்பது தலைப்பின் பொருள். ரெனே ஹோல் அதற்கு ஒரு முழு வாத்தியக் குழுவைக் கொண்டு இசை அமைத்தார். சாம் குக் அதில் ஆடவைக்க முயலவில்லை, சிரிக்க வைக்க முயலவில்லை. ஆற்றங்கரையில் பிறந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மனிதனின் களைப்பும் நம்பிக்கையும் அதில் இருந்தன.

பெப்ரவரி 7இல் நாடு பார்த்த ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாடினார். அந்த ஒளிப்பதிவு பாதுகாக்கப்படவில்லை. இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 9இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. 7 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த அந்த நிகழ்ச்சி இன்றும் இருக்கிறது. எது பாதுகாக்கப்படுகிறதோ அதுவே வரலாறாகிறது என்று வகுப்பில் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த ஜூலை 2இல் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஹோட்டல்களும் உணவகங்களும் நிறத்தைக் காட்டி ஆட்களைத் திருப்பி அனுப்புவது சட்டவிரோதமாகியது. ஷ்ரீவ்போர்ட்டில் அவருக்கு நடந்தது இனிக் குற்றம். அதைக் கண்ட பிறகு அவர் ஐந்து மாதங்களும் சில நாட்களுமே வாழ்ந்தார். டிசம்பர் 11இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர விடுதி ஒன்றில் அதன் முகாமையாளரால் சுடப்பட்டு இறந்தார். வயது 33. விசாரணை அதைத் தற்காப்பு என்று முடித்தது. அந்த முடிவைக் குடும்பத்தவர் பலர் ஏற்கவில்லை.

இறந்து இரண்டு வாரம் முடிவதற்குள் அந்தப் பாட்டுத் தனித் தட்டாக வந்தது. அதுவும் ‘ஷேக்’ என்ற ஆட்டப் பாட்டின் மறுபக்கத்தில். வானொலிக்கு ஏற்றபடி நீளத்தைக் குறைத்தார்கள். எந்த அடிகளை வெட்டினார்கள் தெரியுமா? படமாளிகைக்கும் நகரத்துக்கும் போகும் ஒருவரை, இங்கே நிற்காதே என்று விரட்டுவதைச் சொல்லும் அடிகளை. பாட்டில் நிறவெறியை நேரடியாகத் தொட்ட பகுதி அதுதான். களைப்பு மிஞ்சியது, நம்பிக்கை மிஞ்சியது, காரணம் மட்டும் காணாமல் போனது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த நெட்டிசைத் தட்டில் முழுப் பாட்டும் இருந்ததால்தான் இன்று நாம் முழுமையாகக் கேட்க முடிகிறது. 2003 இறுவட்டிலும் முழு வடிவமே இருக்கிறது.

யார் கையில் இருந்தது?

1951 முதல் 1964 வரை பதின்மூன்று ஆண்டுகள்தான். அவற்றை ஒரே இறுவட்டில் சேர்க்க 2003 வரை ஏன் ஆனது? காரணம், சாம் குக்கின் குரல் ஒரு இடத்தில் இருக்கவில்லை. பக்திப் பாடல்கள் ஸ்பெஷல்டி என்ற கம்பனியிடம். 1957க்குப் பிந்திய முதல் வெற்றிகள் கீன் கம்பனியிடம். 1960க்குப் பிந்தியவை ஆர்.சி.ஏ.விடம். 1963இல் அலன் கிளைன் என்ற கணக்காளர் அவருக்கு முகாமையாளராகி, ஆர்.சி.ஏ.வோடு புதிய ஒப்பந்தம் செய்தார். அதற்காக உருவாக்கிய கம்பனிக்கு சாம் குக்கின் மகளின் பெயர் வைக்கப்பட்டது. கம்பனியின் உடைமையோ கிளைனிடம் இருந்தது. பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ் ஆகியோரின் விவகாரங்களையும் கையில் எடுத்தவர் இவரே. இறுதிக்காலப் பாடல்கள் அவரின் அப்கோ நிறுவனத்தின் கீழ் வந்தன.

கலைஞர்கள் ஏமாற்றப்படுவதைப் பார்த்து, தன் பாட்டுகளுக்குத் தானே உடைமையாளராக வேண்டும் என்று சொந்தப் பதிப்பகமும் சொந்தக் கம்பனியும் தொடங்கிய மனிதர் அவர். கறுப்பினக் கலைஞர்களில் அந்தக் காலத்தில் மிகச் சிலரே அப்படிச் சிந்தித்தார்கள். அப்படிப்பட்டவரின் பாடல்களே அவர் போன பிறகு பங்குபோடப்பட்ட காணி போலக் கிடந்தன.

விளைவுகள் விநோதமானவை. 1986இல் ஒரு நல்ல தொகுப்பு வந்தது. சில காலத்தில் அது சந்தையிலிருந்து மறைந்தது. 1992இல் ஸ்பைக் லீ எடுத்த ‘மல்கம் எக்ஸ்’ திரைப்படத்தில், மல்கம் தன் இறுதி உரைக்குப் போகும் நேரத்தில் அந்தப் பாட்டுத்தான் ஒலிக்கிறது. நண்பரின் பாட்டு நண்பரின் கடைசிப் பயணத்தில். ஆனால் அந்தப் படத்தின் பாடல் இறுவட்டில் அதைச் சேர்க்க முடியவில்லை. உரிமை கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு நான்கு இறுவட்டுகள் கொண்ட பெரிய பெட்டித் தொகுப்பு வெளிவந்தபோதும் அதில் அந்தப் பாட்டு இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு இறுவட்டுகள், அவரின் மிக முக்கியமான வார்த்தை மட்டும் இல்லாமல்!

எனவே 2003 தொகுப்பில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது, சிதறியவை ஒன்றாக வந்தன என்பதைத்தான்.

அடுத்தது பாடல்களின் ஒழுங்கு. ஆண்டு வரிசையில் அவை இல்லை. பக்திப் பாடலில் தொடங்குகிறது. கடைசிக்கு முந்தியதாக மாற்றம் பற்றிய பாட்டு. கடைசியாக, 1951இல் பதிவான முதற்காலப் பக்திப் பாடல். இருபது வயது வாலிபனின் குரலில் இறுவட்டு முடிகிறது. தொகுத்தவர்கள் இதன் மூலம் ஒரு கருத்தைச் சொல்கிறார்கள்: அவர் தேவாலயத்தை விட்டுப் போகவே இல்லை, போன இடமெல்லாம் அதைக் கொண்டு போனார் என்று. நாம் அந்தக் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அது ஒரு கருத்து என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். ஒழுங்குபடுத்துவதும் ஒரு வாதம்தான்.

மூன்றாவது, இதில் இல்லாதது. 1963 ஜனவரியில் மயாமியில், கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லம் ஸ்குவயர் கிளப்பில் அவர் பாடியதைக் கம்பனி பதிவு செய்தது. தொண்டை கரகரக்க, சனத்தோடு சேர்ந்து கத்திப் பாடும் சாம் குக் அங்கே இருந்தார். அந்த முரட்டுக் குரல் வெள்ளையின வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் என்று எண்ணி, பதிவை அலுமாரியில் வைத்துவிட்டார்கள். 1964இல் நியூயோர்க்கின் செல்வந்தர் விடுதியான கோப்பகபானாவில் நயமாகப் பாடியதை மட்டும் உடனே வெளியிட்டார்கள். மயாமிப் பதிவு வெளியானது 1985இல். 22 ஆண்டுகள். 2003 தொகுப்பும் ஸ்டூடியோப் பாடல்களையே கொண்டிருப்பதால், அந்த மனிதரை அறிய விரும்புபவர்கள் அதையும் தேடிக் கேட்க வேண்டும்.

2007இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘அ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பாடலைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்புக்கு முந்திய பெரும் நிகழ்ச்சியில் அது பாடப்பட்டது. 2019இல் ஷ்ரீவ்போர்ட் நகர மேயர் 1963 சம்பவத்துக்காக மன்னிப்புக் கேட்டு, நகரத்தின் சாவியைக் குடும்பத்துக்கு வழங்கினார். 56 ஆண்டுகள் கழித்து.

நமக்கு என்ன?

உறவுகளே, இந்த நாட்களில் நம் பகுதியிலும் ஊர் வரலாறுகள் எழுதப்படுகின்றன. பாடசாலைகளுக்கு ஆண்டு நிறைவு மலர்கள் வருகின்றன. நல்ல விடயம். அவையும் ஒருவகையில் தொகுப்புகள்தான். எல்லாவற்றையும் போட முடியாது, தெரிவு செய்துதான் ஆக வேண்டும். தெரிவு செய்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. சாம் குக்கின் பாட்டில் அடிகளை வெட்டியவர்களும் வானொலியில் ஒலிக்க வேண்டும் என்றே வெட்டினார்கள்.

ஆனால் வெட்டும்போது எப்போதும் முதலில் போவது எது என்று பாருங்கள். யாருக்காவது சங்கடம் தரும் பகுதி. விரட்டப்பட்டவர்களின் கதை. படிக்க ஆசைப்பட்டும் அனுப்பப்படாத பெண்பிள்ளைகளின் கதை. பெயர்ப்பலகையில் இல்லாத கூலி ஆசிரியர்களின் கதை. இடம்பெயர்ந்து வந்து நம் ஊரில் குடியேறியவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்ற கதை. இவை இல்லாத மலர் அழகாக இருக்கும். மெட்டும் நன்றாக இருக்கும். ஆனால் நம் பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, இந்த மனிதர்கள் எதற்காக இவ்வளவு களைத்திருந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால் தொகுப்பவர்களிடம் நாம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. அச்சுக்குச் சுருக்குங்கள், பரவாயில்லை. முழுப் பிரதியை எங்காவது வைத்துவிட்டுச் சுருக்குங்கள். பெரியவர்கள் பேசிய ஒலிநாடாக்கள் வீட்டில் இருந்தால் வெட்டாமல் அப்படியே பிரதி எடுத்து, ஊர் நூலகத்திலோ பாடசாலையிலோ ஒன்று கொடுத்து வையுங்கள். யார் பேசியது, எந்த ஆண்டு, எந்த வீடு என்று உறையில் எழுதி வையுங்கள். சாம் குக்கின் அந்த அடிகள் மீண்டும் கிடைத்தது, முழுப் பதிவு ஒரு நெட்டிசைத் தட்டில் தப்பியிருந்ததால்தான்.

உயர்தர வரலாற்று மாணவர்கள் இருந்தால் ஒரு பயிற்சி: அந்தப் பாட்டின் இரு வடிவங்களையும் தேடிக் கேளுங்கள். எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த பாடவேளையில் அதைப் பற்றிப் பேசுவோம்.